அப்பாவின் கட்டைவிரலும் மேட்டுப்பாளையத்து அழைப்பும்

எனக்கு ஒரு கல்யாணம் கிட்டத்தட்ட நடந்தது. அது நடப்பதும் நடக்காததும் ஜாதகத்தில் இல்லை, என் அப்பாவின் வலது கைக் கட்டைவிரலில் இருந்தது. அந்த விரல் கண்ணாடித் திரையில் சரியான பக்கம் வழுக்கினால் நான் மேட்டுப்பாளையத்துக்கு மருமகளாகப் போவேன். தப்பான பக்கம் வழுக்கினால் எங்கள் ஊரான அரவேணுவிலேயே கிடப்பேன். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். அந்தத் தை மாதம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

நான் குன்னூரில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். தொடுதிரையைப் பற்றி எனக்கு நிலையான அபிப்பிராயம் ஒன்று உண்டு: இதைக் கண்டுபிடித்தவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குளிரில் நடுங்கியதில்லை. விளம்பரத்தில் வருகிற விரலைப் பாருங்கள். வழவழவென்று, மிதமான சூட்டில், ஈரமும் இல்லாமல் வறட்சியும் இல்லாமல், வேலைவெட்டி எதையும் பார்த்திராத விரல். கடையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படியொரு விரலை இந்த மலையில் நான் பார்த்ததில்லை. இங்கே வருகிற விரல்கள் பனிக்கு வெடித்திருக்கும், அல்லது கம்பளிக் கையுறைக்குள் இருக்கும், அல்லது கொழுந்து பறிக்கிற பெண்கள் சுற்றிக்கொள்கிற பிளாஸ்திரிக்குள் இருக்கும். திரை அவர்களை ஆளாகவே மதிக்காது. மூக்கு நுனியால் போன் எடுக்கிற எஸ்டேட் பெண்களை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கதை தலைகீழ். மனிதர் தொட்டால் அசையாத திரை, சாரல் பட்டால் தானாகவே யாருக்காவது போன் போடும். "வெண்ணெய் மாதிரி வழுக்கும்னு சொல்லி வில்லுங்க" என்று கம்பெனிக்காரர்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். தை மாதக் குன்னூரில் வெண்ணெயைக் கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். ஊரே போனும் கையுமாக மாறிக்கொண்டிருந்த காலத்தை அவர் போன் இல்லாமல் நிம்மதியாகக் கழித்துவிட்டார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்தவை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தேயிலைத் தோட்டமும் சட்டைப்பையில் ஒரு பட்டன் போனும். பச்சையை அமுக்கினால் பேச்சு, சிவப்பை அமுக்கினால் முடிவு. இருட்டில் அமுக்கலாம், மழையில் அமுக்கலாம், கையுறையோடு அமுக்கலாம். இந்த மலைக்கென்றே செய்த கருவி ஒன்று உண்டென்றால் அதுதான். அதை விற்றால் கடையில் எனக்கு ஊக்கத்தொகை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். முதுகில் பழம் போட்ட போன்தான் வைத்திருப்பான். எங்கள் வீட்டில் அதற்குப் பழப் போன் என்றே பெயர். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஊட்டியில் டாக்சி ஓட்டுகிறார். அவர் ஆண்ட்ராய்டு கட்சி. இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் சண்டை வந்துவிடும். பழப் போன் வாங்குகிறவன் பணத்தைக் கொட்டி அடிமையாகிறவன் என்பார் மாமா. ஆண்ட்ராய்டு வாங்குகிறவன் குப்பைத் தொட்டியைப் பாக்கெட்டில் சுமக்கிறவன் என்பான் அண்ணன். அவன் பழத்தை மாமா வாழைப்பழமாக உரிப்பார், மாமாவின் போனில் வருகிற விளம்பரங்களை அவன் சத்தம் போட்டுப் படிப்பான். இரண்டையும் தினமும் விற்கிற நான் நடுவில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருப்பேன். எது நல்லது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற குடும்பம். பையனின் அப்பா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்தக் குளிரில் எப்படித்தான் இருக்கிறீர்களோ என்று எங்களை ஒவ்வொருவராக விசாரித்தார். பையன் மோசமில்லை. தனியாகப் பேசச் சொல்லி எங்களைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பியபோது, உங்கள் லட்சியம் என்ன, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்காமல் தன் போனை எடுத்து நீட்டினான். "இது அடிக்கடி ஹேங் ஆகுதுங்க. என்ன பண்றதுன்னு தெரியல." அதில் அடைந்து கிடந்த காலை வணக்கப் படங்களையெல்லாம் அழித்து வேகமாக்கிக் கொடுத்தேன். அவன் முகம் மலர்ந்தது. கடையில் இதற்குக் காசு வாங்குவோம். இப்படியே ஒரு குடும்பம் நடத்திவிடலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பொய் சொல்வானேன்.

கிளம்பும்போது அவன் அப்பா என் அப்பாவின் கையைப் பிடித்து, "கலந்து பேசிட்டு உங்களைக் கூப்பிடறேனுங்க" என்றார். வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிற போனைப் பெண்ணின் அப்பாதான் எடுக்க வேண்டும். அம்மா எடுத்தால் அது பொம்பளை ஆட்சி நடக்கிற வீடு. அண்ணன் எடுத்தால் பெரியவருக்கு மரியாதை இல்லாத வீடு. பெண்ணே எடுத்துவிட்டால் கல்யாணத்துக்குப் பறக்கிறாள் என்று காரமடை வரை பேச்சாகிவிடும். ஆக, போன் விற்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தி வீட்டில் இருக்க, போனென்றாலே வெறுப்பாகப் பார்க்கிற மனிதர்தான் அதை எடுத்துப் பேச வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று தெரியாது. ஆனால் அதை மீறிய யாரையும் நான் பார்த்ததில்லை.

அதையும் பட்டன் போனிலேயே விட்டிருந்தால் ஒழுங்காக முடிந்திருக்கும். அண்ணன் சும்மா இருப்பானா. சம்பந்தி வீட்டார் வீடியோவில் வந்தால் மானம் போய்விடும் என்று தான் வைத்திருந்த பழைய பழப் போனைக் கொண்டுவந்து, அப்பாவின் சிம்மை அதில் மாற்றினான். முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும்படி அமைத்தான். குல்லா இல்லாமல் முகத்தைப் பதிவு செய்தான். அப்பா குல்லாவைக் கழற்றுவது குளிக்கும்போதும் கோயிலிலும்தான். மற்ற நேரங்களில் மப்ளரும் குல்லாவுமாக அவர் அந்தப் போனை முறைப்பார், அதுவும் யாரோ என்று சும்மா இருக்கும்.

முதல் அழைப்பு ஒரு காலையில் வந்தது. அப்பா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டுக் கறை ஏறிய ஈரக் கையோடு உள்ளே வந்திருந்தார். பழப் போனில், திரை பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் வழுக்கி எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது வந்தால் பொத்தானைத் தொட வேண்டும். ஒரே போன், ஒரே ஆள், ஒரே வேலை, வழி மட்டும் இரண்டு. ஏன் என்று கேட்டால் அண்ணன் அதுதான் டிசைன் என்பான். அப்பா வழுக்கினார், நகரவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வழுக்கினார்.

"ஏனுங்க, மெதுவாத் தள்ளுங்க. கதவையா தள்றீங்க?" என்று அம்மா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. நாமே கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். பெண் வீட்டார் தாமாகக் கூப்பிட்டால் அலைகிறார்கள் என்று ஆகிவிடுமாம். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது.

அடுத்த முறை அப்பா குளித்துவிட்டுக் குல்லா இல்லாமல் இருந்ததால் போன் திறந்திருந்தது. சிவப்பும் பச்சையும் திரையின் உச்சியில் சின்னதாக வந்து நின்றன. அப்பாவின் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து மூடுகிற அகலம். சிவப்பு முந்திக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் வந்து, எங்கள் டீயைக் குடித்துக்கொண்டே வருத்தப்பட்டார். "நீங்க கட் பண்ணி கட் பண்ணி உடறீங்களாமா. அவங்களுக்கு மனசு சங்கடமாயிருச்சுங்க. வேண்டாம்னா வாயில சொல்லிப்போடலாமுங்க." அம்மா அழுதாள். மாமா அன்று சாயங்காலமே ஊட்டியிலிருந்து ஒரு ஆண்ட்ராய்டோடு வந்து இறங்கினார், வெற்றி பெற்ற வேட்பாளர் மாதிரி.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் வீடியோவில் வந்துவிட்டான். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "மச்சான், இதுல ஒரே வழிதான். மேல தள்ளுனாப் பேசலாம், கீழ தள்ளுனாக் கட்டு. கைக்கொழந்தகூடப் பண்ணும்." அப்பாவின் சிம்மை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு நான் என் போனிலிருந்து அழைப்பேன், அப்பா எடுக்க வேண்டும். ஈர விரல், காய்ந்த விரல், உறைந்த தேங்காய் எண்ணெயை அடுப்பில் காட்டி உருக்கித் தடவிய விரல் என்று எல்லா விதமும் பார்த்தோம். எண்ணெய் விரலைப் பழப் போன் ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல் கேமராவைத் திறந்து அம்மாவையும் படம் பிடித்தது. கம்பளிக் கையுறையை இரண்டுமே மதிக்கவில்லை. கடைசியில் நான் ஆண்ட்ராய்டின் அமைப்புக்குள் போய்த் திரையின் உணர்வைக் கூட்டி வைத்தேன். பிறகு அப்பா எல்லா அழைப்பையும் எடுத்தார். மாமா தொடையைத் தட்டினார். அண்ணன் தன் பக்கம் சிக்னல் சரியில்லை என்று போய்விட்டான்.

"என்ற பட்டன் போன எங்க வெச்சீங்க?" என்று அப்பா கேட்டார். மாமா சிம் போட்ட ஆண்ட்ராய்டை அவர் சட்டைப்பையில் செருகினார்.

அப்பாவுக்குப் போன் பழக்கமில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தோம். மறுநாள் சாயங்காலம் மேட்டுப்பாளையத்து அழைப்பு வந்தது. அப்பா அழகாக மேலே தள்ளி எடுத்தார். எடுத்த வேகத்தில் கன்னம் பட்டோ விரல் பட்டோ ஸ்பீக்கர் திறந்துகொண்டது. பையனின் அப்பா குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"பையனுக்குப் புடிச்சிருக்குங்க. ஒரே ஒரு விசயம். கலியாணத்துக்கு முன்னாடியே பொண்ணு அந்தக் கடைய உட்டுட்டா நல்லதுங்க. வர்றவன் போறவன் முன்னாடியெல்லாம் நின்னு பேசற வேல. சொந்தத்துல கேட்டா நாங்க என்னன்னு சொல்றது?"

"பேசிட்டுச் சொல்றேனுங்க," என்றார் அப்பா.

"பேசறதுக்கு என்னங்க இருக்குது? ஞாயித்துக்கிழம கூப்பிடறேன். வேலைய உட்டாச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நிச்சயத்துக்கு நாள் குறிச்சுக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்கள் பையனும் கடையில்தான் நிற்கிறான். வர்றவன் போறவனுக்கெல்லாம் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிறான். அவன் நின்றால் அது வியாபாரம், நான் நின்றால் சொந்தத்தில் சொல்ல முடியாத சங்கதி. என் கையால் சரிசெய்த போனை வைத்துக்கொண்டுதான் அவனும் அன்று செய்தி அனுப்பினான்: அப்பா பேச்சைத் தட்ட முடியாது, புரிந்துகொள்ளுங்கள். கூடவே இரண்டு கைகளையும் கூப்பிய மஞ்சள் பொம்மை ஒன்று. கும்பிடுவதற்குக்கூடக் கை வலிக்கிறவன்.

வீட்டில் பேச்சு நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. இந்தக் கடைச் சம்பளம் ஒரு சம்பளமா என்றான் அண்ணன். நல்ல இடம் விட்டுவிடக் கூடாது என்றார் மாமா. இத்தனை வருடமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் முதல்முறையாகக் கூட்டணி வைத்தது என் வேலையைப் பிடுங்குவதற்குத்தான். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து சரி என்று சொன்னால் நானும் சரி என்று சொல்லிவிடக்கூடிய ஆள். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

 மறுநாள் மத்தியானம் அப்பா கடைக்கு வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. போனில் மணிச் சத்தம் கம்மியாக இருக்கிறது என்றார். கொஞ்சம் உட்காருங்கள், ஆள் இருக்கிறது என்று ஸ்டூலைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

எதிரே நின்றது ஒரு எஸ்டேட் அக்கா. விரல் பத்திலும் பிளாஸ்திரி. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், அவள் கூப்பிடுகிற நேரமெல்லாம் இவள் மலையில் இருப்பாள், பிளாஸ்திரியைப் பிய்ப்பதற்குள் மணி ஓய்ந்துவிடும். வேறு போன் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். ஆண்ட்ராய்டில் சத்தம் கூட்டுகிற பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினாலே அழைப்பை எடுக்கும்படி வைக்கலாம். போனைச் செய்தவர்கள் அதை ஒளித்து வைத்திருக்கிற இடத்தைப் பார்த்தால் வெட்கப்பட்டு ஒளித்தது போல இருக்கும். நான் அதைத் தேடித் திறந்து வைத்தேன். "இப்ப நான் கூப்பிடறேன்க்கா. பக்கத்துல அமுக்குங்க" என்றேன். அமுக்கினாள், பிளாஸ்திரியோடு. "அலோ," என்றாள் எதிரில் நின்றுகொண்டே. நானும் அலோ என்றேன். அவள் வைக்கவில்லை. வாசல் வரை நடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு, "நல்லாக் கேக்குது அம்மிணி, நல்லாக் கேக்குது. நீ சாப்ட்டியா?" என்று பேசினாள். சாப்பிட்டேன் என்று நான் போனிலேயே பதில் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பா எழுந்து வந்து தன் போனை நீட்டினார். "எனக்கும் அப்படியே வெச்சுக் குடு." வைத்துக் கொடுத்தேன். பில் போட வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கடையில் வெளிச்சம் அதிகமாக இருக்கிறது, கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிவிட்டார்கள். அண்ணன் கோயம்புத்தூரிலிருந்தும் மாமா ஊட்டியிலிருந்தும் வந்திருந்தார்கள். அம்மா கேசரி கிண்டியிருந்தாள், நல்ல செய்திக்கு இனிப்பு தயாராக இருக்கட்டும் என்று. போன் மேசை நடுவில் கிடந்தது. பத்துப் பதினொரு மணிக்கு அது அடித்தது. திரையில் மேட்டுப்பாளையம் என்று வந்தது. அப்பா கையுறையோடு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துப் பட்டன அமுக்குங்க. அமுக்குனாப் போதும்," என்றாள் அம்மா.

அப்பா வலது கைக் கையுறையை மெதுவாகக் கழற்றினார். கட்டைவிரலைத் திரையில் வைத்துக் கீழே தள்ளினார். அழைப்பு அறுந்தது.

"நான் அப்பவே சொன்னேன், இந்தக் குப்பைப் போன் வேண்டாம்னு," என்று அண்ணன் ஆரம்பித்தான். "போன் மேல என்ன தப்பு? மச்சானுக்குக் கை நடுங்கிருச்சு," என்று மாமா எழுந்தார். பழமா ஆண்ட்ராய்டா என்று அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். மறுபடி அடித்தது. அப்பா அவர்கள் இருவரும் வாயை மூடுகிற வரை காத்திருந்தார். எல்லாரும் பார்க்கும்படி, நிதானமாக, மறுபடி கீழே தள்ளினார்.

"அப்பா, அது கட் ஆகற பக்கம்," என்றான் அண்ணன்.

"தெரியும்."

"ஏனுங்க, அவங்க என்ன நெனைப்பாங்க?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

"எடுத்தா அம்மிணி வேலைய உட்டுட்டான்னு நான் சொல்லோணும். அவ உடவே இல்லையே. நான் கடைக்குப் போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன்." இதை அவர் சத்தம் கூட்டாமல்தான் சொன்னார்.  அம்மா கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அடித்தபோது அப்பா போனை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "சொல்ல வேண்டியத நீயே சொல்லு."

வேண்டாம் என்று அம்மா தலையை ஆட்டினாள். மாமா உட்கார்ந்துவிட்டார். நான் பொத்தானை அமுக்கினேன். கையோடு ஸ்பீக்கரையும் போட்டேன், இந்த முறை தெரிந்தே.

"வணக்கமுங்க. நான்தான் பேசறேன். நான் கடைய உடறதா இல்லீங்க."

 பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "பொண்ணுகிட்ட நான் என்ன பேசறது? போன உங்கப்பாகிட்டக் குடும்மா."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா தோட்டத்துக்குப் போயிட்டாருங்க," என்றேன். "என்கிட்டயே சொல்லுங்க."